ஆச்சா, ஆச்சு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லைன்மேனுக்கு வேலை போக இருந்ததிலும், அவருடைய தங்கை உறவு அற்றுப்போக இருந்ததிலும் என் கோபத்துக்கு ஒரு பங்கு உண்டு. இன்னொரு பங்கு ஒரு தகட்டுடையது. அந்தத் தகடு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஓர் இலாகாவின் வயர்லெஸ் பிரிவில் நான் மெக்கானிக். இலாகாவின் பெயர் எதற்கு, கம்பம் நட்டுக் கம்பி இழுத்து விளக்கு எரியவைக்கிறவர்கள் என்றால் போதும். பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். கே.கே. நகரிலிருந்து சைக்கிளில் போவேன். அந்த மாடி அறையில் நான் ஒருத்திதான் பெண். ஜீப்பில் மாட்டியிருக்கும் வயர்லெஸ் செட்டுகள் மக்கர் பண்ணினால் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள்.

அந்தப் பெட்டிகளைப் பார்த்து நான் அசந்துபோனது முதல் வாரத்தில். இன்னும் தெளியவில்லை. ஒரு செட்டைச் சரிபண்ணி, மைக்கின் பட்டனை அமுக்கி, உசிலம்பட்டி சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டேன். பட்டனை விட்டதும் "சொல்லுங்க மதுரை" என்று பதில் வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மாடு கத்தியது. அவ்வளவுதான், எனக்குப் புல்லரித்துவிட்டது. மனுஷன் பேசுவது வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். மாடு கத்துவதும் வரும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அத்தனை மைல் பொட்டலையும் கரட்டையும் தாண்டி, பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூட இல்லாமல், உசிலம்பட்டி மாடு என் மேஜைக்கு வந்து நின்றது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மைக்கில் இருக்கும் பட்டனை அமுக்கியிருக்கும்வரை பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. வீட்டில் இதை விளக்கியபோது அம்மா, "ஒனக்கு ஏத்த மிசினுதான். ஆனா நீதான் பட்டன விடவே மாட்டியே" என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் ஒரே லைன் இரண்டு இடங்களில் அறுந்தது. இரண்டு கோஷ்டிகள் போயின. உசிலம்பட்டிப் பக்கம் நான் சொல்லவந்த லைன்மேன், ஜீப்போடும் வயர்லெஸோடும். எழுமலைப் பக்கம் போன கோஷ்டியில் அவருடைய தங்கை புருஷன். மாப்பிள்ளையும் இலாகாவில்தான் இருந்தார். அந்தக் கோஷ்டியிடம் செட் கிடையாது. வேலை முடிந்ததும் பக்கத்து ஊர் போஸ்ட் ஆபீஸ் போனிலிருந்து சப்ஸ்டேஷனுக்குச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கம்பத்தைவிட்டு இறங்கிவிட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் சப்ஸ்டேஷன் ஆப்பரேட்டர் லைனில் கரண்ட் விடவேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது விதி. மூன்று நாளாக இருட்டில் கிடந்த ஊர்கள் ஏசிய ஏச்சில் வாய்ச்சொல்லே விதியாகிவிட்டது.

லைன்மேன் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டு ஜீப்புக்கு வந்து மைக்கை எடுத்தார். "நம்ம பக்கம் முடிஞ்சிருச்சு. எழுமலைப் பக்கம் ஆள் எறங்கியாச்சா?" என்று கேட்டார். "சரிண்ணே" என்றார் ஆப்பரேட்டர். விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார் போலிருக்கிறது என்று லைன்மேன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கே ஆப்பரேட்டர், ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்து நோட்டில் எழுதினார்: எழுமலைப் பக்கம் ஆள் இறங்கியாச்சு, லைன்மேன் சொன்னது. எழுதிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

மாப்பிள்ளை அப்போது கம்பத்தின் உச்சியில் இருந்தார்.

கம்பியில் எர்த் ராடு மாட்டியிருந்தார்கள். தப்பித்தவறி கரண்ட் வந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்காக மாட்டுவது. அது தன் வேலையைச் செய்தது. தீ சீறி, சப்ஸ்டேஷனில் சுவிட்ச் தானாக விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வலது கை வெந்துபோனது. இடுப்பு பெல்ட்டில் தொங்கியவரைக் கயிறு கட்டி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் லைன்மேன், "நான் கேட்டேன்" என்றார். ஆப்பரேட்டர், "அண்ணன் சொன்னாரு" என்றார். இரண்டு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயார். ஆனால் ஆப்பரேட்டர் கையில் நோட்டு இருந்தது, லைன்மேன் கையில் பீடிதான் இருந்தது. உதவிப் பொறியாளரை நாங்கள் ஏ.ஈ. என்போம். அவர் செட்டைக் கழற்றி எனக்கு அனுப்பி, செட் எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக் கேட்டார்.

எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. யார் தப்புப் பண்ணினாலும் பழி செட்டின் மேல்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த எரிச்சலோடு செட்டை மேஜையில் ஏற்றினேன். கூட வந்த மைக்கில் வெற்றிலைச் சாறும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. சுருள் ஒயரோடு ஆணியில் மாட்டிவிட்டு, என் மேஜை மைக்கைச் செருகி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினேன். அடுத்த மேஜை செட்டில் ஒவ்வொரு எண்ணும் மணிமணியாகக் கேட்டது. செட் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை வைத்து லைன்மேனை திங்கட்கிழமையிலிருந்து சஸ்பெண்ட் பண்ண ஏ.ஈ. முடிவெடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் லைன்மேன் என் அறைக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"செட்டு நல்லாருக்குன்னு எழுதுனது நீங்கதானா தங்கச்சி?"

"ஆமாண்ணே. நல்லா இருந்துச்சு, எழுதினேன்."

"அப்ப நாந்தேன் பொய் சொல்றேனா?"

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. "வேலை போனாப் போகட்டும். நாலு குறுக்கம் காடு கெடக்கு, ரெண்டு மாடு நிக்கிது, பொழச்சுக்கிருவேன். ஆசுபத்திரில எந்தங்கச்சி என்னயப் பாத்து, ஒனக்கு இங்க என்னண்ணே சோலின்னு கேட்டுட்டா. எம் மாப்ள மொகத்தத் திருப்பிக்கிட்டான். எறங்கியாச்சுன்னு நான் சொல்லிருந்தா, அவனக் கொல்லச் சொன்னேன்னுல்ல அர்த்தம்? நான் கேட்டேன் தங்கச்சி. சொல்லல."

இரக்கம் வந்திருக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. செட் சொன்னதைச் சொல்லும், மாற்றிச் சொல்ல அதற்கு வாய் ஏது என்று நினைத்தேன். இவரை வைத்தே நிரூபித்து அனுப்பிவிடலாம் என்று, "அன்னைக்குப் பேசின மாதிரியே பேசுங்க" என்று ஆணியிலிருந்து அவருடைய மைக்கை எடுத்தேன். எடுக்கும்போதுதான் உறைத்தது. இந்த மைக்கை நான் சோதிக்கவே இல்லை.

அதைச் செருகினேன். செட் வெளியே அனுப்பும் சக்தியைக் காட்ட ஒரு மீட்டர் இருந்தது. பேசும்போது முள் ஏறி நிற்கும், பட்டனை விட்டால் விழும். லைன்மேன் மைக்கை வாயருகில் பிடித்து, "எழுமலைப் பக்கம் ஆள் எறங்கியாச்சா?" என்றார். நேரில் என் காதில் விழுந்தது 'ஆச்சா'. அடுத்த மேஜை செட்டிலிருந்து வந்தது 'ஆச்', அதன் பின்னால் ஒரு சின்ன இரைச்சல், ஸ்ஸு. பேச்சு நின்றதும் எந்தச் செட்டிலும் வரும் இரைச்சல்தான் அது. ஆனால் 'ஆச்' என்பதன் பக்கத்தில் அது போய் ஒட்டிக்கொண்டதும் 'ஆச்சு' ஆகிவிட்டது. வேறு எப்படியும் அதைக் கேட்கமுடியாது. நானும் முயன்று பார்த்தேன்.

"இன்னொருவாட்டி சொல்லுங்கண்ணே." சொன்னார். ஆச்சு. "இப்ப எறங்கியாச்சுன்னு சொல்லுங்க." சொன்னார். அதுவும் ஆச்சு. மீட்டரைப் பார்த்துக்கொண்டே பத்துத் தடவை சொல்லவைத்தேன். அவர் ஆச்சு என்று சொன்னபோதெல்லாம் முள் கடைசிவரை நின்றது. ஆச்சா என்று கேட்டபோதெல்லாம், அந்த ஆ வாயில் இருக்கும்போதே முள் விழுந்துவிட்டது. சொன்னதை முழுசாக அனுப்பிய செட், கேட்டதை மட்டும் வாலறுத்து அனுப்பியது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமா, பக்தியா என்று தெரியாத சிலிர்ப்பு. ஒயரும் ஈயமும் வைத்துச் செய்த பெட்டிக்குக் கேள்விக்கும் பதிலுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அறையில் வேறு யாராவது இருந்திருந்தால் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று விபூதி பூசியிருப்பார்கள்.

பிறகுதான் மீட்டரை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். நம் ஊரில் வாய் மட்டுமா கேள்வி கேட்கிறது? கையும் சேர்ந்தல்லவா கேட்கிறது. மணிக்கட்டு திரும்பி, விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்கும். இதைப் படிக்கிற நீங்கள் இப்போதே "என்னப்பா, சாப்பிட்டாச்சா?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், கை சும்மா இருக்கிறதா என்று. மைக்கைப் பிடித்திருந்த அவர் கையும் கேட்டது. 'ஆச்சா' என்று குரல் மேலே ஏறும்போது மணிக்கட்டு திரும்பியது, கட்டைவிரல் ஓர் இழை தளர்ந்தது. மைக்கைப் பிரித்தேன். பட்டனுக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் தகடு தேய்ந்து வளைந்து கிடந்தது. கெட்டியாக அமுக்கினால்தான் தொடும், ஓர் இழை தளர்ந்தாலும் விட்டுவிடும். நல்ல தகடாக இருந்திருந்தால் அந்தத் தளர்ச்சியைப் பொறுத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் செட்டை முதலில் செய்தவர்கள் இங்கிலீஷ்காரர்களாக இருக்கும். அவர்கள் பாஷையில் கேள்வி முன்னாலேயே வந்துவிடும். 'ஹேவ் தே' என்று வாயைத் திறக்கும்போதே கேட்கிறான் என்று தெரிந்துவிடும். வால் அறுந்தாலும் தலை பேசும். நமக்குக் கேள்வி கடைசியில் ஓர் ஆ-வில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆ விழுந்தால் கேட்டது சொன்னதாகிவிடும், கம்பத்தில் இருக்கிற ஆள் தரையில் இருப்பதாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டவள் நான். என் பாஷையில் கேள்வி எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு மனுஷன் உயிரை அம்புட்டுச் சின்ன எழுத்திலா தொங்கவிட்டிருக்கிறோம் என்று நினைத்து நினைத்து மலைத்துப்போனேன்.

லைன்மேனிடம் கையைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்துவிட்டால் கை விறைத்துக்கொள்ளும், அப்புறம் எதையும் காட்டமுடியாது. "நீங்க கேட்டீங்கண்ணே, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மைக்கைப் பார்க்காமலே எழுதிட்டேன், தப்பு என்னோடது" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அப்போதே ஏ.ஈ.யிடம் போனேன். "ஒருவாட்டி நல்லா இருக்குன்னு எழுதுறீங்க, இன்னொருவாட்டி இல்லேங்கிறீங்க. எதும்மா நெசம்?" என்றார். சுருக்கென்றது. நான் செய்த வேலைக்கு அது கம்மிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். மேஜையில் காட்டுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே செட், அதே மைக், அதே ஜீப், அதே இடம் என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் ஏ.ஈ.யும் லைன்மேனும் நானும் அதே ஜீப்பில் கிளம்பி, உசிலம்பட்டி சப்ஸ்டேஷனில் முதலில் நிறுத்தினோம். சேதி எப்படியோ போய், மாப்பிள்ளையும் வந்திருந்தார். கையில் கட்டோடு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லைன்மேன் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டை எங்களால் பார்க்க முடியவில்லை. ஆப்பரேட்டரிடம், கேட்பதை அப்படியே எழுதிக்கொண்டு கடைசியில் படித்துக்காட்டவேண்டும் என்று ஏ.ஈ. சொன்னார்.

எழுமலை ரோட்டில் அன்றைக்கு லைன்மேன் நின்ற அதே இடத்தில் ஜீப் நின்றது. இரண்டு பக்கமும் வெறும் கரிசல், அறுத்த சோளத்தட்டை, தலைக்கு மேல் கம்பி. ஏ.ஈ. ஒரு தாளில் ஆறு வரி எழுதினார். மூன்றில் ஆச்சா, மூன்றில் ஆச்சு, மாற்றி மாற்றி. லைன்மேன் ஒவ்வொன்றாகப் பேசினார். பேசி முடித்ததும் ஆப்பரேட்டர் படித்துக்காட்டினார். எறங்கியாச்சு. முடிச்சாச்சு. கெளம்பியாச்சு. ஆறும் ஆச்சு.

ஏ.ஈ.க்கு நம்பிக்கை வரவில்லை. "குடுங்க இங்க" என்று மைக்கை வாங்கி, தானே அமுக்கி, "யோவ், நான் ஏ.ஈ. பேசுறேன். சாயங்காலச் சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சா?" என்றார். சொல்லும்போதே அவருடைய மணிக்கட்டும் அழகாகத் திரும்பியது.

"ரொம்ப சந்தோசம் சார்" என்றார் ஆப்பரேட்டர்.

"நான் கேட்டேன்யா!" என்று கத்தினார் ஏ.ஈ. கத்திவிட்டு, மைக்கையும் லைன்மேனையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தையைத்தான் அந்த மனிதர் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க" என்றார், பெரிய சத்தமாக இல்லை.

பழைய ரிலே சுவிட்ச் ஒன்றிலிருந்து வெட்டி வைத்திருந்த புதுத் தகட்டை ஜீப் பானட்டின் மேலேயே வைத்து மாட்டினேன். பட்டனை லேசாக, இன்னும் லேசாக அமுக்கிப் பார்த்தேன், தொடர்பு விடவில்லை. மூடி திருகி லைன்மேனிடம் கொடுத்தேன்.

ஏ.ஈ. தாளை நீட்டினார். லைன்மேன் அதைப் பார்க்கவில்லை. எழுமலைப் பக்கம் போகிற கம்பியைப் பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

"எழுமலைப் பக்கம் ஆள் எறங்கியாச்சா?"

வழக்கம்போலக் கை திரும்பியது, கட்டைவிரல் தளர்ந்தது. பட்டனை விட்டார். செட்டில் இரைச்சல் மட்டும் இருந்தது. தகடு சரியாக உட்காரவில்லையோ, போய்ச் சேரவில்லையோ என்று மைக்கைப் பார்த்தேன். மறுபடி கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது செட்டில் பெஞ்சு இழுபடும் சத்தம் வந்தது, யாரோ மைக்கைக் கை மாற்றும் சத்தம் வந்தது. பிறகு வேறொரு குரல் வந்தது.

"எறங்கியாச்சு மச்சான். நான் எறங்கிட்டேன். ஒங்க தங்கச்சிட்ட நானே சொல்லிர்றேன். நீங்க கேட்டது எனக்குக் கேட்டுருச்சு."